வண்டிக்குப் பெரட்டு போதும்

சென்ற மாதம் அம்மாவோடு கோலாலம்பூர் போயிருந்தேன். எல்ஆர்டி நிலையத்துக்கு வெளியே நான்கு வாடகை மின்ஸ்கூட்டர்கள் நடைபாதையை மறித்து நின்றன. முட்டிவலிக்கார அம்மா சாலையில் இறங்கித்தான் சுற்றிவர வேண்டியிருந்தது.

"இத்தனை வண்டிக்கும் யாருப்பா கணக்கு வச்சிருக்கா?"

"கம்பெனிதாம்மா. எல்லாத்துலயும் ஜிபிஎஸ் இருக்கு."

"அப்ப மாநகர் மன்றத்துக்கு?"

"கம்பெனி சொன்னாத்தான் தெரியும்."

அம்மா சிரித்துவிட்டார். சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர். "விடியக்காலையில பெரட்டுல பேர் கூப்பிட்டு எங்கள எண்ணுவாங்க. பாலை நிறுக்கிறதும் கிராணி, எழுதுறதும் கிராணி. அதனாலதான் உன் பாட்டி காலண்டர்ல தனியா எழுதி வைப்பாங்க" என்றார்.

பாட்டியின் சந்தேகம் நியாயமானது என்பதை நியூசிலாந்தில் பார்த்தோம். அங்கே நகர மன்றங்கள் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் இத்தனை ஸ்கூட்டர்தான் என்று வரம்பு வைத்து, கட்டணமும் வாங்குகின்றன. சிங்கப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பீம் நிறுவனம் வரம்பை மீறி வண்டிகளை இறக்கியது, மன்றங்கள் பார்க்கும் தரவில் அவை தெரியாதபடி செய்தது என்று 2024இல் குற்றச்சாட்டு எழுந்தது. ஆக்லாந்தும் வெலிங்டனும் அந்த நிறுவனத்தின் அனுமதியை ரத்து செய்தன. எண்ணப்பட வேண்டியவரே எண்ணிச் சொன்னால், இப்படித்தான் ஆகும்.

சிங்கப்பூர் வேறு விதமாகப் பாடம் கற்றது. சைக்கிள்கள் கண்ட இடத்தில் குவிந்ததால், 2018இல் உரிம முறையைக் கொண்டுவந்தது. ஓபைக் நிறுவனம் அந்த ஆண்டு ஜூன் 25ஆம் தேதி அங்கே கடையை மூடியபோது, முன்பணம் கட்டியவர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றது நினைவிருக்கலாம். இப்போது அங்கே சைக்கிளை நிறுத்துபவர், நிறுத்துமிடத்தில் உள்ள கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் வாடகை ஏறிக்கொண்டே போகும். வண்டி நிற்கும் இடத்துக்கு அதுவே சாட்சி.

சரி, எல்லாத் தரவையும் மன்றத்திடம் கொடுத்துவிடலாமா? அங்கேதான் கவனம் வேண்டும். லாஸ் ஏஞ்சலஸ் நகரம் 2018இல் ஒரு தரவு முறையை உருவாக்கியது. ஒவ்வொரு பயணமும் எங்கே தொடங்கியது, எந்த வழியில் போனது, எங்கே முடிந்தது என்று நிறுவனங்கள் நகரத்துக்குத் தெரிவிக்க வேண்டும். இது தனிமனித உரிமையில் தலையிடுவதாக 2020இல் வழக்குத் தொடுத்தார்கள். 2022இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை ஏற்கவில்லை. ஆனாலும் கேள்வி நியாயமானது. அந்தத் தரவில் பெயர் இல்லை என்பார்கள். தினமும் இரவு ஒரே தாமானில், ஒரே வீட்டு வாசலில் முடியும் பயணத்துக்குப் பெயர் எதற்கு?

நம் நாட்டின் 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் மத்திய, மாநில அரசாங்கங்களைக் கட்டுப்படுத்தாது. அதனால், எதைக் கொடுக்கலாம், எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்பதை நிறுவனமும் ஊராட்சி மன்றமும் செய்யும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுவதுதான் பாதுகாப்பு.

நாளை நம் ஈப்போ பழைய நகரத்தில் இத்தகைய நிறுவனம் ஒன்று வண்டிகளை இறக்க வந்தால், நாம் கேட்க வேண்டியது இரண்டுதான். ஒன்று, எத்தனை வண்டி, எங்கே நிற்கிறது என்பது மாநகர் மன்றத்துக்கு உடனுக்குடன் தெரிய வேண்டும். மன்றத்தின் ஆள் தெருவில் இறங்கி அதை எண்ணிச் சரிபார்க்கவும் வேண்டும். அஞ்சடியில் வண்டி விழுந்து கிடந்தால் யாரைக் கூப்பிடுவது என்ற குழப்பம் அப்போதுதான் தீரும். இரண்டு, எந்தப் பகுதியிலிருந்து எந்தப் பகுதிக்கு எத்தனை பேர் போனார்கள் என்ற மொத்தக் கணக்கு மன்றத்துக்குப் போதும். சைக்கிள் பாதை போட அது உதவும். ஒவ்வொருவரின் தடமும் வேண்டாம்.

ரயிலில் வீடு திரும்பும்போது அம்மாவிடம் இதைச் சொன்னேன். "பெரட்டு வண்டிக்குத்தானே வேணும்? ஓட்டுற புள்ளைங்களுக்கு எதுக்கு?" என்றார்.

நான் இத்தனை பத்தியில் சொன்னதை அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார்.