ஒரு நாளைக்கு 80 கால்

டிஸ்கியை முதல்லயே போட்டுடறேன். நான் பி.காம். மூணாவது வருஷம். யாருக்கும் மேனேஜரா இருந்ததில்ல. போன வருஷ லீவுல ரெண்டு மாசம் ஓ.எம்.ஆர்.ல ஒரு கம்பெனியில (பேரு வேணாம்) இன்டர்னா உட்கார்ந்து போன் பேசினதுதான் மொத்த அனுபவம். ஆனா டீம் லீட் எப்படி இருக்கணும்னு கீழ உட்கார்ந்தவனுக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்?

எங்க கிளாஸ்ல நிறைய பேருக்கு இந்த வருஷம் கேம்பஸ்ல வர்ற வேலையோட பேரு இன்சைட் சேல்ஸ். ஏசி ரூம்ல உட்கார்ற வேலைன்னு சந்தோஷமா இருக்காங்க. அது பாதி உண்மை. பையைத் தூக்கிட்டு வெயில்ல கடை கடையா ஏறி இறங்கினா அது ஃபீல்டு சேல்ஸ். ஆபீஸை விட்டு நகராம போன், மெயில், வீடியோ கால்லயே விக்கறது இன்சைட் சேல்ஸ். கிடைச்ச நம்பருக்கெல்லாம் அடிச்சு "லோன் வேணுமா சார்"ன்னு கேக்கறது டெலிமார்க்கெட்டிங், அது வேற ரகம். இன்சைட் சேல்ஸ்ல நாம பேசற ஆளு ஏற்கெனவே நம்மகிட்ட விசாரிச்சவரா இருப்பார், இல்லைன்னா அவருக்கு இது தேவைப்படும்னு நாம தேடிக் கண்டுபிடிச்சவரா இருப்பார். அதாவது, இருக்கணும்.

கோவளத்துக்காரனுக்கு இது புதுசே இல்ல. எங்க தெருவுல ஒரு அத்தை மீன் வியாபாரம் பண்றாங்க. விடியக்காலையில ஃபைபர் போட்டு கரை ஏறும்போதே அவங்க காதுல போன் இருக்கும். பெரிய வஞ்சிரம் வந்திருந்தா ஈ.சி.ஆர்.ல ரெண்டே ரெண்டு ஓட்டலுக்குத்தான் போன் போகும். சங்கரான்னா கேளம்பாக்கத்துல வீட்டுக்கு வாங்கறவங்களுக்கு. எல்லார்கிட்டயும் எல்லாத்தையும் சொல்ல மாட்டாங்க. மீன் சுமாரா இருந்தா, "இன்னைக்கு வேணாம் தம்பி, நாளைக்குப் பாத்துக்கலாம்"னு அவங்களே சொல்லிடுவாங்க. ஒரு நாளைக்கு பத்து போன் போட்டா அதிகம். கூடையில மீன் மிஞ்சி நான் பார்த்ததில்ல.

நான் இருந்த இடத்துல கணக்கு 80. ஒரு நாளைக்கு 80 கால் (காலை எண்ணாதீங்க, போன் கால்). எட்டு மணி நேரம்னா 480 நிமிஷம், ஒரு காலுக்கு 6 நிமிஷம். அதுக்குள்ள எதிர்ல இருக்கறவரோட கம்பெனி என்ன பண்ணுதுன்னு படிக்கணும், டயல் பண்ணணும், பேசணும், பேசினதை சி.ஆர்.எம்.ல ஏத்தணும், நடுவுல தண்ணியும் குடிக்கணும். நடக்கற காரியமா? அதனால நாங்க எல்லாரும் ஒரு வழி கண்டுபிடிச்சோம். யாருமே எடுக்க மாட்டாங்கன்னு தெரிஞ்ச பழைய நம்பரா பார்த்து, மதியத்துக்கு மேல வரிசையா அடிச்சுத் தள்ளினோம். சாயங்காலம் போர்டுல எங்க பேருக்கு நேரா பச்சை டிக். விற்பனை ஏன் ஏறலைன்னு மாசக் கடைசியில கத்துவாங்க. அடுத்த நாள் மறுபடி 80.

அந்த ரெண்டு மாசத்துல நான் பேசின ஒரு காலைக்கூட யாரும் கேட்டதில்ல. இத்தனைக்கும் எல்லாம் ரெக்கார்டு ஆகுது!

என் கட்சி இவ்வளவுதான். பத்து பேரைப் பார்த்துக்கற டீம் லீட், வாரத்துக்கு ஆளுக்கு ரெண்டு காலாவது முழுசா கேக்கணும். மொத்தம் இருபது கால், ரெண்டு மூணு மணி நேர வேலை. கேட்டுட்டு அந்தப் பையனையே பக்கத்துல உட்கார வச்சு, "விலை அதிகம்னு அவர் சொன்ன உடனே நீ ஏன் டிஸ்கவுன்ட்டுக்குத் தாவின?"ன்னு கேக்கணும். நான் அந்தத் தப்பை ரெண்டு மாசமும் பண்ணினேன். "எதோட ஒப்பிட்டுச் சொல்றீங்க சார்?"னு திருப்பிக் கேக்கலாம்னு கடைசி வாரம்தான் தெரிஞ்சது. சொல்லிக் கொடுத்தது லீட் இல்ல, பக்கத்து சீட்டு அக்கா. தமிழ் மீடியம், இங்கிலீஷ் சுமார்தான். டீம்லயே அதிகம் வித்தது அவங்கதான். எதிர்ல இருக்கறவர் பேசி முடிக்கற வரைக்கும் வாயே திறக்க மாட்டாங்க. ஆனா ஆள் எடுக்கற இன்டர்வியூல நாம பார்க்கறது இங்கிலீஷைத்தானே? ஸோஹோ ரொம்ப வருஷமாவே பிளஸ் டூ, டிப்ளமோ முடிச்ச பசங்களைச் சேர்த்து, தானே சொல்லிக் கொடுத்து வேலைக்கு வச்சுக்குது. சேல்ஸுக்கும் அந்தப் பொறுமை வேணும். முதல் மாசம் டார்கெட்டே கூடாது, நல்லா விக்கறவங்க பக்கத்துல உட்கார்ந்து கேட்டாலே போதும்.

ஸோஹோவுல இருந்து வெளிய வந்த கிரிஷ் மாத்ருபூதமும் ஷான் கிருஷ்ணசாமியும் 2010ல சென்னையில ஆரம்பிச்சதுதான் ஃப்ரெஷ்டெஸ்க். முதல் வாடிக்கையாளர் ஆஸ்திரேலியாவுல பெர்த் பக்கம் இருக்கற அட்வெல் காலேஜ். அதே கம்பெனி ஃப்ரெஷ்வொர்க்ஸ்ங்கற பேர்ல 2021 செப்டம்பர்ல நாஸ்டாக்ல லிஸ்ட் ஆச்சு. சென்னையில இருந்துகிட்டே உலகத்துக்கு விக்கலாம், சந்தேகமில்ல. ஆனா பெர்த்துல காலை 9 மணின்னா நமக்கு 6.30. நியூயார்க்ல காலை 9 மணின்னா நமக்கு சாயங்காலம் 6.30, அங்க குளிர்காலம்னா 7.30. யாருக்கு விக்கறோம்னு பார்த்துத்தான் ஷிஃப்ட் போடணும். எங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் 10 டு 7. வெள்ளிக்கிழமை ராத்திரி ஒருத்தர் விசாரிச்சா திங்கட்கிழமைதான் கூப்பிடுவோம். விசாரிச்ச ஒரு மணி நேரத்துக்குள்ள கூப்பிட்ட கம்பெனிகளுக்கு, அதைவிட ஒரு மணி நேரம் பிந்தினவங்களைக் காட்டிலும், முடிவெடுக்கற ஆளோட உருப்படியா பேசற வாய்ப்பு கிட்டத்தட்ட 7 மடங்குன்னு 2011ல ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூல ஒரு ஆய்வு வந்திருக்கு. அமெரிக்கக் கணக்குதான், இருந்தாலும் மனுஷன் எங்கயும் மனுஷன்தான். சூடா கேட்டவர் காத்துக்கிட்டிருக்க, நாங்க செத்த நம்பருக்கு 80 அடிச்சுக்கிட்டிருந்தோம்.

ஆள் தேடறவங்க தனி, பேசி முடிக்கறவங்க தனின்னு பிரிக்கறது இப்ப ஃபேஷன். சேல்ஸ்ஃபோர்ஸ்ல ஆரன் ராஸ் பண்ணினது, 2011ல 'பிரெடிக்டபிள் ரெவென்யூ'ன்னு புத்தகமும் வந்தது. பெரிய டீமுக்குச் சரி. மூணே பேர் இருக்கற கம்பெனி இதைக் காப்பி அடிச்சா, ஒருத்தர் கொடுத்த வாக்கு இன்னொருத்தருக்குத் தெரியாமப் போகும்.

இன்சென்டிவ் விஷயம், காமர்ஸ் பசங்களுக்கு மட்டும். ஆர்டர் வாங்கின அன்னிக்கே முழு கமிஷன் கொடுத்தா, வேணாம்னு சொல்றவர் தலையிலயும் கட்டுவோம். பாதியை அப்ப கொடுத்துட்டு, மூணு மாசம் கழிச்சும் அந்த வாடிக்கையாளர் இருந்தா மீதின்னு வச்சா, அத்தை மாதிரி "இன்னைக்கு வேணாம்"னு சொல்றதுக்கு வாய் வரும்.

அடுத்த வாரம் எங்க காலேஜுக்கு ரெண்டு கம்பெனி வருது. "எனி கொஸ்டின்ஸ்?"னு கேப்பாங்க இல்ல, அப்ப பேந்த பேந்த முழிக்காம மூணு கேள்வி கேளுங்க. ஒரு நாளைக்கு எத்தனை கால்? என் காலை யார் கேப்பாங்க, எப்ப கேப்பாங்க? போன வருஷம் சேர்ந்தவங்கள்ல இப்ப எத்தனை பேர் இருக்காங்க? மூணாவது கேள்விக்கு ஹெச்.ஆர். சிரிச்சு மழுப்பினா, எங்க அத்தைகிட்ட சொல்றேன், கூடை தூக்க ஆள் தேடிக்கிட்டிருக்காங்க.