காலுக்கேற்ற செருப்பு

ஆம்பூர் ஷூ தொழிற்சாலை வாயிலில் நின்று, "ஏழாம் நம்பர் காலுக்கு ஒன்பதாம் நம்பர் ஷூவை மாட்டினால் என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். சிரிப்பார்கள். கடல் கடந்த நாட்டாரின் கால்களுக்கெல்லாம் அளவறிந்து தைக்கும் கைகள் அவை! ஒரு நூல் கூடினால் கால் தடுக்கும், ஒரு நூல் குறைந்தால் கடிக்கும் என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை.

அவர்கள் தைக்கும் தோலைச் சுமந்துவரும் சின்ன லாரிக்கு மட்டும் ஏன் அளவு தவறிய செருப்பு?

பேரணாம்பட்டிலும் வாணியம்பாடியிலும் இராணிப்பேட்டையிலும் நாம் காணும் காட்சி இது. வண்டி வாங்கிய சில மாதங்களில் பக்கப் பலகை உயர்கிறது. ஸ்பிரிங்கில் பட்டை கூடுகிறது. பிறகு, "பெரிய டயர் போடு, பாரம் தாங்கும்" என்கிறார் ஒருவர். உப்பிட்ட ஈரத்தோல் மலையாகக் குவிகிறது; மலையின் உச்சியில் சுமைத் தொழிலாளர் இருவர்!

பெரிய டயர் போட்டால் வண்டியின் வலிமை கூடுமா? கூடாது, தோழர்களே! டயரின் பக்கவாட்டில் பார எண் 100 என்றிருந்தால் அந்த ஒரு டயர் தாங்குவது 800 கிலோ. அது டயரின் கணக்கு. அச்சின் கணக்கு வேறு, பிரேக்கின் கணக்கு வேறு. சக்கரத்தின் விட்டம் வளர்ந்தால் அதே பிரேக்கின் பிடி தளரும். இஞ்சினின் இழுவை குறையும். வேகமுள் உண்மை வேகத்தைக் குறைத்துக் காட்டும். ரிம் வெளியே தள்ளி நின்றால் பேரிங் தேயும். திருப்பத்தில் டயர் மட்கார்டில் உரசும். போல்ட்டுத் துளைகள் பொருந்தாத ரிம்மை முறுக்கிப் பூட்டினால், ஓட்டத்தில் நட்டு தளரும்.

1888 இல் பெல்பாஸ்ட் நகரில் டன்லப் என்னும் கால்நடை மருத்துவர், தம் மகனின் மூன்று சக்கர வண்டி குலுங்காதிருக்கக் காற்றடைத்த டயர் செய்தார். மலேயாத் தோட்டங்களில் தமிழன் வடித்த ரப்பர்ப்பால் உலகின் சக்கரங்களை உருட்டிற்று. இன்று அரக்கோணத்தை அடுத்த இச்சிப்புத்தூரிலேயே டயர் பிறக்கிறது. டயர் செய்யத் தெரிந்த மண்ணுக்கு, டயர் பொருத்தத் தெரியாதா? தெரியும். லாபக் கணக்கு கண்ணை மறைக்கிறது, அவ்வளவே!

சட்டம் உறங்கவில்லை. தயாரித்தவர் வகுத்த அமைப்பை மாற்றலாகாது என்று 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம், அனுமதியற்ற மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. அதிக பாரத்துக்கு 20,000 ரூபாய். மிகும் டன் ஒவ்வொன்றுக்கும் மேலும் 2,000. ஆனால், நடுச்சாலையில் நிறுத்தப்படுபவர் யார்? ஓட்டுநர்! வண்டி கவிழ்ந்தால் அடியில் கிடப்பவர் யார்? சுமைத் தொழிலாளி! மாற்றச் சொன்னவரோ மண்டியில் மின்விசிறியின் கீழ்!

"இரண்டு நடை போனால் டீசல் செலவாகுமே" என்பார்கள். ஆகட்டும்! டீசல் மீண்டும் கிடைக்கும், உயிர் கிடைக்குமா? பாரம் மிகுதியென்றால் பெரிய வண்டி வாங்கட்டும். சின்ன வண்டிக்குப் பெரிய செருப்பு வேண்டாம்.

ஓட்டுநர் தோழர்களே! சாவியை வாங்குமுன் நான்கைப் பாருங்கள். தயாரிப்பாளர் குறித்த டயர் அளவும் காற்றழுத்தமும், ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எடை. டயரில் பொறித்த நான்கு எண்கள் — 2324 என்றால் 2024 ஆம் ஆண்டின் 23 ஆம் வாரத்தில் பிறந்தது. டயர்ப் பள்ளத்தின் ஆழம் — 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்தது டயரன்று, எமன்!

தனியொருவர் மறுத்தால் வேலை போகும் என்று அஞ்சுவீர்கள். அந்த அச்சம் நமக்குத் தெரியும். ஆகவேதான் சொல்கிறோம்: சங்கமாகக் கூடி மறுப்பீர்! "இந்தச் செருப்பு இந்தக் காலுக்கு அன்று" என்று ஆம்பூர் ஒரே குரலில் உரைக்கட்டும்!