அழிப்பது மீட்பாகாது

பல்கலைக்கழகத் துறையொன்றின் வலைப்பூ ஊடுருவப்பட்டிருப்பதை முதலில் அறிபவர் பெரும்பாலும் அத்துறையைச் சேர்ந்தவராக இருப்பதில்லை. முகவரியை நேரே தட்டச்சு செய்து திறப்பவருக்குப் பக்கம் பழையபடியே தெரிகிறது. கருத்தரங்க அறிவிப்புகளும் ஆய்வுக் குறிப்புகளும் அதனதன் இடத்தில் இருக்கின்றன. கூகுள் தேடல் வழியே வருபவரை மட்டும் அதே பக்கம் மருந்து விற்பனைக்கோ சூதாட்டத் தளத்துக்கோ தள்ளிவிடுகிறது. சில வேளைகளில் தேடல் முடிவுகளில் துறையின் முகவரிக்கு நேராக ஜப்பானிய எழுத்துகள் வரிசைகட்டி நிற்கின்றன. ஊடுருவியவனுக்குக் கட்டுரைகளில் நாட்டமில்லை. பல்லாண்டுகளாகப் பிற தளங்கள் கொடுத்த இணைப்புகளால் அம்முகவரி ஈட்டிய மதிப்பே அவனுக்குத் தேவை.

செய்தி துறைக்கு எட்டியதும் நடப்பது ஏறத்தாழ எங்கும் ஒன்றுதான். கணினி தெரிந்த ஆய்வு மாணவர் ஒருவர் அழைக்கப்படுகிறார். அவர் முகப்புக் கோப்பில் புரியாத நீண்ட எழுத்துக்கோவை ஒன்றைக் கண்டு நீக்குகிறார். தளம் சரியாகிவிட்டதாக அறிவிக்கப்படுகிறது. சில நாள்களில் அதே கோவை அதே இடத்துக்குத் திரும்பிவிடுகிறது. மாணவரின் திறமை மீது ஐயம் எழுகிறது.

குறை மாணவரிடம் இல்லை. பகிர்வு வழங்கியில் ஒரே கணக்குக்குள் பல தளங்கள் குடியிருக்கும். இன்றைய வலைப்பூவுக்குப் பக்கத்துக் கோப்புறையில் பத்தாண்டுகளுக்கு முன் நடந்த கருத்தரங்கின் தளமும், யாரோ சோதனைக்காக நிறுவி மறந்த வேர்ட்பிரஸ் ஒன்றும் கிடக்கும். அவை அனைத்தும் ஒரே பயனரின் உரிமையில் இயங்குவதால், மறந்துபோன தளத்தில் திறந்த பின்கதவு மற்றவை எல்லாவற்றிலும் எழுதவல்லது. ஆகவே மீட்க வேண்டியது தனியொரு வலைப்பூவை அன்று, முழுக் கணக்கையும்தான். படங்கள் மட்டுமே இருக்க வேண்டிய பதிவேற்றக் கோப்புறையில் பிஎச்பி நிரல் ஒளிந்திருக்கலாம். தரவுத்தளத்தில் அறியப்படாத நிர்வாகி ஒருவர் அமர்ந்திருக்கலாம். குறித்த நேரத்தில் தானே இயங்கும் பணியொன்று நீக்கிய வரியை மீண்டும் எழுதிக்கொண்டிருக்கலாம்.

இதனால்தான் தீநிரலைத் தேடித் தேடிக் களையும் முறை பெரும்பாலும் தோற்கிறது. சுவடிப் பதிப்பில் பழகியவர்களுக்குச் சரியான வழி எளிதில் விளங்கும். மூலம் கிடைக்கும்போது சிதைந்த படியை யாரும் ஊகத்தால் திருத்துவதில்லை. வேர்ட்பிரஸின் மூலக் கோப்புகள் எவரும் பெறத்தக்கவை. அவற்றோடு ஒப்பிட்டால் இடைச்செருகல் உடனே வெளிப்படும். ஒப்பிடுவதைவிடவும் நன்று, மென்பொருளையும் வார்ப்புருவையும் செருகுநிரல்களையும் அதிகாரபூர்வ மூலத்திலிருந்து புதிதாக நிறுவிவிடுவது. பழைய கணக்கிலிருந்து எடுத்துவர வேண்டியவை இரண்டே: தரவுத்தளத்தில் உள்ள எழுத்து, பதிவேற்றப்பட்ட படங்கள். இரண்டையும் சோதித்த பிறகே எடுத்துவர வேண்டும்.

எதையும் தொடுமுன், கெட்ட நிலையிலேயே முழுக் கணக்கையும் ஒரு படி எடுத்துவைப்பது அவசியம். அணுகல் பதிவேடுகளையும் அப்போதே இறக்கிவிட வேண்டும். மலிவான வழங்கிகளில் அவை நெடுநாள் தங்குவதில்லை. பின்னர்க் கட்டுப்பாட்டுப் பலகம், எஃப்டிபி, தரவுத்தளம், நிர்வாகி ஆகிய எல்லாக் கடவுச்சொற்களையும் வேறொரு தூய கணினியிலிருந்து மாற்ற வேண்டும். அமைப்புக் கோப்பில் உள்ள இரகசியத் திறவுகோல்களை மாற்றாவிட்டால் ஏற்கெனவே உள்ளே நுழைந்தவன் வெளியேற்றப்படாமலே இருக்கக்கூடும். பெரும்பாலோர் தவறவிடும் இடம் இதுதான். வழங்கி நிறுவனம் தரும் காப்புநகலையும் கண்மூடி ஏற்கலாகாது. விளம்பரம் தெரிவதற்குப் பல மாதங்கள் முன்பே பின்கதவு வைக்கப்பட்டிருந்தால், சென்ற வாரக் காப்புநகலும் கெட்டதே.

வழங்கி நிறுவனத்தை மட்டும் பழிப்பது எளிது, முழு உண்மையாகாது. 2017 தொடக்கத்தில் வேர்ட்பிரஸ் 4.7.2 பதிப்பு மூடிய குறைபாடு, பதிப்பை மாற்றாதிருந்த எண்ணற்ற தளங்களின் பக்கங்களைச் சிதைக்கப் பயன்பட்டது. 2020 செப்டம்பரில் கோப்பு மேலாண்மைச் செருகுநிரல் ஒன்றிலும் இத்தகைய ஓட்டை வெளிப்பட்டது. இரண்டுக்கும் திருத்தம் கிடைத்தது. அதை நிறுவ ஆள் இல்லாத தளங்களே தொடர்ந்து இரையாகின. ஆள் ஏன் இல்லை என்பதே கல்விப்புலம் எதிர்கொள்ள வேண்டிய கேள்வி. ஆய்வுத் திட்டத்தில் ஓரிரு ஆண்டுகள் பணியாற்றிய உதவியாளர் தம் சொந்த மின்னஞ்சலில் வழங்கியை வாங்குகிறார். களப்பெயரும் அவர் பெயரிலேயே பதிவாகிறது. திட்டம் முடிகிறது, அவர் போய்விடுகிறார், கடவுச்சொல்லும் உடன் போய்விடுகிறது. கணினி அவசரநிலை எதிர்வினைக் குழுவான சர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட ஆணைகள், தளத்தில் தீநிரலோ இணைப்புகளோ செருகப்படுவதையும் புகாரளிக்க வேண்டிய நிகழ்வாகக் கொண்டு, அறிந்த ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்கச் சொல்கின்றன; பதிவேடுகளை 180 நாள்கள் காக்கவும் சொல்கின்றன. யார் பெயரில் இருக்கிறதென்றே தெரியாத தளத்துக்காக யார் ஆறு மணி நேரத்துக்குள் எழுதுவது?

இந்தக் குழப்பத்தில் நிருவாகம் எடுக்கும் குறுக்குவழி, தளத்தையே அழித்துவிடுவது. அவப்பெயர் உடனே நின்றுவிடுகிறது என்பது உண்மைதான். ஆயினும் வலைப்பூ என்பதாலேயே அதில் இருந்தவை அற்பமானவை என்று கருதுவது தவறு. களப்பணிக் குறிப்புகள், நேர்காணல் எழுத்துப்படிகள், வேறெங்கும் அச்சேறாத நூற்பட்டியல்கள் எனப் பல இத்தகைய தளங்களில் மட்டுமே இருக்கின்றன. ஆய்வேடுகளின் அடிக்குறிப்புகள் அவற்றைச் சுட்டுகின்றன. வேபேக் மெஷினில் சில பக்கங்கள் தப்பியிருக்கலாம், தரவுத்தளம் தப்பியிராது. ஊடுருவியவன் விட்டுவைத்த எழுத்தை நிறுவனமே அழிப்பது விந்தை.

திட்ட முன்மொழிவிலேயே, திட்டக்காலம் கடந்த சில ஆண்டுகளுக்கான வழங்கிச் செலவைச் சேர்க்கலாம். களப்பெயர் துறையின் பொது மின்னஞ்சலில் பதிவாகலாம். ஆண்டுக்கொரு முறை எழுத்து முழுவதையும் ஏற்றுமதி செய்து நூலகத்தில் ஒப்படைக்கலாம். பயனற்ற பழைய தளங்களை நிலையான எச்டிஎம்எல் பக்கங்களாக மாற்றினால் ஊடுருவ அங்கே நிரலே இராது. இவற்றில் எதற்கும் பெருந்தொகை வேண்டியதில்லை.

மீட்ட பின்னும் வேலை முடிவதில்லை. போலிப் பக்கங்களின் முகவரிகள் இனி இல்லை என்று வழங்கி விடையளிக்க வேண்டும். கூகுள் தேடல் பணியகத்தில் ஊடுருவியவன் தன்னை உரிமையாளனாகச் சேர்த்திருந்தால் அவனை நீக்க வேண்டும். பிறகே மறுபரிசீலனை கோர இயலும். தேடல் முடிவுகளிலிருந்து அந்த ஜப்பானிய வரிகள் மறைய வாரங்கள் ஆகலாம். அதுவரை துறையைத் தேடி வரும் மாணவர்களுக்கு அவையே கண்ணில் படும்.