வகை தெரிந்தால் வழி தெரியும்

பிறவி உதரவிதானக் குடலிறக்கம் சுமார் 2,500 முதல் 3,500 பிறப்புகளில் ஒன்றுக்கு வருகிறது. திருக்கழுக்குன்றம் போன்ற தாலுகா ஊரின் பிரசவ அறையில் அதைப் பல ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் பார்ப்போம். வகைகளைத் தேர்வோடு மறந்துவிடுவதும் அதனால்தான். ஆனால் பிறந்த முதல் சில நிமிடங்களில் நாம் என்ன செய்கிறோம் என்பது அந்த வகையைப் பொறுத்தது.

பெரும்பாலானவை போக்டாலெக் வகை. உதரவிதானத்தின் பின்பக்கவாட்டில் திறப்பு இருக்கும்; ஐந்தில் நான்கு இடப்பக்கம். குழந்தை மூச்சுத் திணறும், வயிறு குழிந்திருக்கும், இதயத் துடிப்பு வலப்பக்கம் கேட்கும். உடனே கை ஆம்பு பேக்கைத் தேடும். அங்கேதான் நிதானம் வேண்டும். மாஸ்க் வைத்து அழுத்தினால் காற்று இரைப்பைக்குள்ளும் போகும். நெஞ்சில் ஏறிய குடல் உப்பி, ஏற்கெனவே சிறுத்த நுரையீரலை மேலும் நெருக்கும். நேரே இன்டியூபேட் செய்து, ரைல்ஸ் டியூப் போட்டு, இரைப்பைக் காற்றை உறிஞ்சி எடுத்த பிறகே 108-இல் ஏற்ற வேண்டும். ஆக்சிஜன் அளவை வலது கையில் பார்க்க வேண்டும்.

வலப்பக்கத் திறப்பில் கல்லீரல் மேலேறும். எக்ஸ்ரேயில் அது நிமோனியா போலவோ நீர் கோத்தது போலவோ தெரியும். ஐயம் தீராமல் நெஞ்சில் குழாய் செருகக் கூடாது. மார்பெலும்புக்குப் பின்னால் வரும் மோர்காக்னி வகை அரிது; பெரும்பாலும் வலப்பக்கம். அடிக்கடி சளி பிடிக்கும் குழந்தையிடம் தாமதமாகத்தான் பிடிபடும். பக்கவாட்டு எக்ஸ்ரே அதைக் காட்டிக்கொடுக்கும். ஈவென்ட்ரேஷனில் திறப்பே இல்லை. உதரவிதானம் மெலிந்து மேலேறியிருக்கும். தொந்தரவு இல்லாவிட்டால் கண்காணித்தாலே போதும்.

போக்டாலெக்கில் உயிரைப் பறிப்பது ஓட்டையைவிட நுரையீரலின் வளர்ச்சிக் குறைவும், அதன் ரத்தக்குழாய்களில் ஏறும் அழுத்தமும்தான். அதனால்தான் முதலில் குழந்தையை நிலைப்படுத்தி, பிறகு அறுவை செய்கிறார்கள். 2021-இல் வெளியான ‘டோட்டல்’ ஆய்வில், இடப்பக்கத் தீவிர வகையில் கருவின் மூச்சுக்குழாயில் பலூன் வைத்த பிரிவில் 40 சதவீதக் குழந்தைகள் உயிருடன் வீடு திரும்பினர். வைக்காத பிரிவில் 15 சதவீதம். எந்தப் பக்கம், கல்லீரல் எங்கே, நுரையீரல் எவ்வளவு என்பதெல்லாம் ஐந்தாம் மாத ஸ்கேனில் பதிவாகியிருந்தால்தான் இத்தகைய முடிவுகளைப் பற்றிப் பேசவே முடியும்.

எனவே இரண்டு வேண்டுகோள்கள். ஸ்கேன் செய்பவர்கள் ‘டயாபிரம் ஹெர்னியா’ என்று மட்டும் எழுதி நிறுத்தாமல், வகை, பக்கம், கல்லீரல் நிலை மூன்றையும் எழுதுங்கள். அதைப் படிக்கும் மகப்பேறு மருத்துவர்கள், வலி எடுக்கும் வரை காத்திராமல், தாயைச் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனைக்கோ அனுப்புவது பற்றி முன்கூட்டியே பேசி, பிரசவ இடத்தை முடிவு செய்யுங்கள். இந்தக் குழந்தைகளுக்கு மிகப் பாதுகாப்பான ஆம்புலன்ஸ் தாயின் வயிறுதான்.