விடுமுறை உறுப்பினர் திட்டங்கள்: யோசிக்க அவகாசம் தருமா சட்டம்?

விடுதி அறையை முன்பதிவு செய்த சில நாள்களிலோ, வணிக வளாகத்தில் பரிசுக் கூப்பன் ஒன்றை நிரப்பிக் கொடுத்த சில நாள்களிலோ வரும் அந்தத் தொலைபேசி அழைப்பு நகரவாசிகள் பலருக்குப் பழக்கமானதுதான். ‘வாழ்த்துகள்! உங்கள் குடும்பத்துக்கு மூன்று நாள் இலவசத் தங்கல் பரிசாகக் கிடைத்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கணவன், மனைவி இருவரும் நேரில் வந்து பெற்றுக்கொள்ளுங்கள்’ என்பதே பெரும்பாலும் அதன் சாரம். பரிசைப் பெற ஒன்றரை மணி நேர ‘விளக்கக் கூட்டத்தில்’ அமர வேண்டும் என்பது சென்ற பிறகே தெரியவரும். கூட்டம் முடிவதற்குள், சில லட்சம் ரூபாய் மதிப்புள்ள, பல ஆண்டுகள் நீளும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டிய நெருக்கடியும் வந்துவிடும்.

இதில் சிக்குபவர்களைப் பேராசைக்காரர்கள் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஓய்வூதியப் பணத்தை எண்ணிச் செலவழிப்பவர்களும், பிள்ளைகளின் படிப்புக்குச் சேமிப்பவர்களும் அந்த மேசையில் கையெழுத்திடுகிறார்கள் என்றால், சிக்கல் அவர்களுடைய குணத்தில் இல்லை. விற்கப்படும் முறையில் இருக்கிறது. ஆகவே, ‘கவனமாக இருங்கள்’ என்ற அறிவுரை மட்டும் போதாது. கையெழுத்திட்ட பிறகும் மனம் மாறுவதற்கான உரிமையை இந்தியச் சட்டம் வழங்க வேண்டும்.

அரங்கினுள் நடப்பது என்ன?

இந்த விற்பனைமுறை உலகெங்கும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கிறது. தம்பதியர் இருவரும் வர வேண்டும் என்ற நிபந்தனைக்கு ஒரு காரணம் உண்டு. ‘வீட்டில் கலந்து பேசிவிட்டுச் சொல்கிறேன்’ என்பதே நம்மில் பலர் நாகரிகமாக மறுக்கும் வழி. இருவரும் அருகருகே அமர்ந்திருக்கையில் அந்த வழி அடைபட்டுவிடுகிறது. சிற்றுண்டியும் அன்பான உபசரிப்பும், சாப்பிட்டுவிட்டு எப்படி மறுப்பது என்ற தயக்கத்தை உண்டாக்குகின்றன. முதலில் பேசியவரால் முடியாதபோது ‘மேலாளர்’ ஒருவர் வந்து விலையைப் பெருமளவு குறைக்கிறார். அந்தச் சலுகை அன்றைய தினத்துக்கு மட்டுமே என்கிறார். கடன் அட்டையில் முன்பணம் செலுத்தி, மீதியை மாதத் தவணையாக மாற்றச் சில நிமிடங்களே போதும். வாய்மொழி வாக்குறுதிகள் எவையும் செல்லாது என்ற வரி, ஒப்பந்தத்தின் உள்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும்.

‘டைம்ஷேர்’ என்னும் கருத்தே மோசடியானது அல்ல. விடுமுறை இல்லம் ஒன்றின் செலவைப் பலர் பகிர்ந்துகொண்டு, ஆளுக்குச் சில நாள்கள் பயன்படுத்தும் இந்த முறை 1960-களில் ஐரோப்பாவில் உருவானது. இந்தியாவில் இதன் முன்னோடிகளுள் ஒன்றான ஸ்டெர்லிங் ஹாலிடேஸ் 1986-ல் சென்னையில்தான் தொடங்கப்பட்டது. மஹிந்திரா ஹாலிடேஸ் 1996-ல் வந்தது. ஆண்டுதோறும் தவறாமல் பயணம் செய்யும், பல மாதங்களுக்கு முன்பே தேதியை முடிவுசெய்யக்கூடிய குடும்பங்களுக்கு இதனால் பயன் இருக்கலாம். தங்கள் குடும்பம் அத்தகையதுதானா என்று எண்ணிப்பார்க்கும் அவகாசத்தைத்தான் விற்பனை அரங்கு தர மறுக்கிறது.

காகிதத்தில் ஒரு கணக்கு

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். 25 ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு 7 இரவுகள் தங்கும் உரிமை 3 லட்சம் ரூபாய் என்று கொள்வோம். மொத்தம் 175 இரவுகள். ஓர் இரவுக்கு ஏறத்தாழ 1,714 ரூபாய். அரங்கில் காட்டப்படும் கணக்கு இங்கே முடிந்துவிடும்.

ஆனால், தங்கினாலும் தங்காவிட்டாலும் ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் உண்டு. அதை 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதே 3 லட்சத்தை 7% வட்டியில் வைப்புநிதியாக இட்டால் ஆண்டுக்கு 21,000 ரூபாய் கிடைக்கும். இரண்டையும் கூட்டினால் 36,000 ரூபாய். இரவு ஒன்றுக்கு 5,100 ரூபாய்க்கும் அதிகம். அந்தத் தொகைக்கு விரும்பிய ஊரில், விரும்பிய நாளில் அறை எடுக்க முடியும். முதலும் கையில் இருக்கும். பராமரிப்புக் கட்டணம் உயர்ந்தாலோ, ஏதேனும் ஓர் ஆண்டில் பயணம் தடைபட்டாலோ, பள்ளி விடுமுறையில் இடம் இல்லையென்று கைவிரிக்கப்பட்டாலோ கணக்கு இன்னும் மோசமாகும். இதைப் போட்டுப் பார்க்கப் பத்து நிமிடங்கள் போதும். ஆனால், அந்தப் பத்து நிமிடங்கள் தனியாகக் கிடைக்க வேண்டும்.

சட்டம் எங்கே நிற்கிறது?

இந்தியாவில் டைம்ஷேர் விற்பனைக்கெனத் தனிச் சட்டம் இல்லை. லாபம் தருவதாகச் சொல்லிப் பணம் திரட்டினால் மட்டுமே பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி தலையிட முடியும். அறை-இரவுகளை விற்பதாகக் கூறி 51 லட்சத்துக்கும் அதிகமானோரிடம் 7,000 கோடி ரூபாய்க்கு மேல் திரட்டிய பான்கார்டு கிளப்ஸ் நிறுவனத்தின் திட்டங்களை அனுமதி பெறாத கூட்டு முதலீட்டுத் திட்டம் என்று செபி முடிவுசெய்தது. பணத்தைத் திருப்பித் தருமாறு 2016-ல் ஆணையிட்டது. முதலீடு என்ற சொல்லைத் தவிர்த்து, விடுமுறையை மட்டும் விற்பவர்கள் இந்த வரம்புக்குள் வருவதில்லை.

எஞ்சியிருப்பது 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். நுகர்வோருக்குப் பெரும் பாதகம் விளைவிக்கும் ஒப்பந்தங்களை ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்று அது வரையறுக்கிறது. ஆனால், அத்தகைய ஒப்பந்தத்தைச் செல்லாது என அறிவிக்கும் அதிகாரம் மாநில, தேசிய ஆணையங்களுக்கே உண்டு. மாவட்ட ஆணையத்துக்கு இல்லை. இணையதளங்கள் ‘பொய்யான அவசரம்’ காட்டி விற்பதை, 2023 நவம்பரில் வெளியான ‘டார்க் பேட்டர்ன்ஸ்’ வழிகாட்டுதல்கள் தடைசெய்திருக்கின்றன. அதே உத்தி நேரடி விற்பனை அரங்கில் கையாளப்படும்போது அந்த வழிகாட்டுதல்கள் துணைக்கு வருவதில்லை.

ஐரோப்பாவின் வழி

ஐரோப்பிய ஒன்றியம் 1994-லேயே டைம்ஷேர் வாங்குவோருக்கு 10 நாள் விலகல் உரிமை அளித்தது. 2009-ல் அதை 14 நாள்களாக உயர்த்தியது. காரணம் சொல்லாமலேயே விலகலாம். அந்த அவகாசம் முடியும்வரை வாடிக்கையாளரிடம் முன்பணம் எதையும் வாங்கக் கூடாது என்பதே இதன் வலுவான அம்சம். பணம் கைமாறிவிட்டால் உரிமை இருந்தும் அலையத்தான் வேண்டும் என்பதைச் சட்டம் இயற்றியவர்கள் உணர்ந்திருந்தார்கள். டைம்ஷேர் வணிகம் செழித்துள்ள அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்திலும் 10 நாள் அவகாசம் உண்டு.

இது நமக்கும் அந்நியமான கருத்து அல்ல. காப்பீட்டு பாலிசி கைக்கு வந்த 30 நாள்களுக்குள் அதைத் திருப்பித் தரலாம். செயலி வழிக் கடன்களிலும் விலகும் அவகாசத்தை ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கியிருக்கிறது. சில பெரிய விடுமுறை நிறுவனங்கள் தாமாகவே ரத்துசெய்யும் அவகாசம் தருகின்றன. ஆனால், அது நிறுவனத்தின் விருப்பமாக இருக்கும்வரை, மிகத் தேவைப்படும் இடத்தில் கிடைக்காது.

நுகர்வோர் செய்யக்கூடியவை

சட்டம் வரும்வரை சில எச்சரிக்கைகள் உதவும். அழைப்பு வந்தால், விலை, பராமரிப்புக் கட்டணம், ரத்து விதி மூன்றையும் எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள். மறுத்தால் அதுவே போதிய பதில். தொல்லை தரும் அழைப்புகள் குறித்து 1909-ல் புகார் செய்யலாம். அரங்குக்குச் சென்றே ஆக வேண்டுமென்றால், கடன் அட்டையை வீட்டில் வைத்துவிட்டுச் செல்லுங்கள். மறுப்பதற்குக் காரணம் சொல்லாதீர்கள். சொல்லும் ஒவ்வொரு காரணத்துக்கும் அவர்களிடம் ஆயத்தமான பதில் இருக்கும்.

கையெழுத்திட்டுவிட்டால், அன்றைக்கே ரத்து கோரி மின்னஞ்சல் அனுப்புங்கள். வங்கிக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். பயன் கிட்டாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரையெனில் மாவட்ட ஆணையத்தில் புகாருக்குக் கட்டணம் இல்லை. நிறுவனம் எங்கிருந்தாலும் உங்கள் ஊரிலேயே வழக்குத் தொடரலாம். இரண்டு ஆண்டுகளுக்குள் தொடர வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். ‘உங்கள் உறுப்பினர் உரிமையை விற்றுத் தருகிறோம்’ என்று முன்பணம் கேட்பவர்களிடமும் எச்சரிக்கை தேவை. ஏற்கெனவே இழந்தவரைக் குறிவைக்கும் இரண்டாவது மோசடியாக அது இருக்கக்கூடும்.

மத்திய நுகர்வோர் நலத் துறை செய்ய வேண்டியவை அதிகமில்லை. நீண்ட கால விடுமுறைத் திட்டங்கள் அனைத்துக்கும் 14 நாள் விலகல் உரிமை, அதுவரை பணம் பெறத் தடை, மொத்தச் செலவை ஒரே பக்கத்தில் தமிழ் உள்ளிட்ட மாநில மொழிகளில் தரும் கட்டாயம் ஆகிய மூன்றும் விதிகளாக வந்தால் போதும். இரண்டு வாரம் யோசித்த பிறகும் வாடிக்கையாளர் வேண்டும் என்று சொல்லும் திட்டங்களை விற்கும் நிறுவனங்களுக்கு இதனால் இழப்பு ஏதும் வராது.