பரணுக்குப் போகும் டோர்ச்

சீகிரியாக் குன்றில் ஏறி, காசியப்பன் எழுப்பிய கோட்டையையும் அதன் நீர்ப்பூங்காக்களையும் கண்டு களித்து, வெயில் தாழுமுன் இறங்கிப் போய்விடுகிற உல்லாசப் பயணிகளுக்கு, அக்குன்றைச் சூழ்ந்த கிராமங்களில் இரவுப் பொழுது எப்படிக் கழிகிறதென்பது தெரிவதில்லை. இனாமலுவைச் சந்தியைத் தாண்டிக் காட்டோரத்தில் சோளமோ நெல்லோ விளைவிக்கும் குடியானவன், பயிர் முற்றும் காலத்திலே பரணில் விழித்திருந்து, இருளுக்குள் கிளை முறியும் ஓசை கேட்ட கணமே கையிலெடுப்பது டோர்ச்சைத்தான். யானை எவ்வளவு தூரத்தில் நிற்கிறது, ஒன்றா கூட்டமா, எந்தத் திசை நோக்கி நிற்கிறது என்பவற்றை அறிந்த பிறகல்லவா வெடி கொளுத்துவதும் கூக்குரலிடுவதும்! 2019ஆம் ஆண்டில் மாத்திரம் இலங்கையில் 350க்கு மேற்பட்ட யானைகள் மடிந்தன. யானைகளால் 100க்கு மேற்பட்ட மனிதர் உயிரிழந்தனர். இப்பெருந்துயரத்தை ஒரு கைவிளக்கு தீர்த்துவிடுமென்று நான் சொல்லவில்லை. ஆயினும் வேண்டிய சமயத்தில் அணைந்துபோகிற விளக்கு ஓர் உயிரைக் கொண்டுபோகக்கூடும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

இன்று சந்தையில் மலிவாகக் கிடைக்கும் ‘சார்ஜ்’ டோர்ச்சுகளிற் பல, பற்றரியை வெளியே எடுக்க முடியாதவாறு ஒட்டி மூடப்பட்டவை. பற்றரி செத்தால் டோர்ச்சும் குப்பைக்குத்தான். இரண்டு பெரிய பற்றரி போடும் பழைய உலோக டோர்ச்சோ தலைமுறை கடந்தும் உழைக்கிறது; ஆனால் அதிலிடும் சாதாரண நாகப் பற்றரி விரைவில் மங்கி, மறந்துபோய் உள்ளே விட்டால் கசிந்து குழாயையே அரித்துவிடும்.

அத்தகைய பழைய உலோக டோர்ச்சாகிய என் தகப்பனாரின் டோர்ச்சை நான் மாற்றியமைத்த விதத்தைச் சொல்கிறேன். சூரிய விளக்குகளில் உபயோகமாகும் லித்தியம் இரும்புப் பொஸ்பேற்று மின்கலம் ஒன்று 32 மில்லிமீற்றர் விட்டமுடையது. 33 மில்லிமீற்றர் பற்றரிக்கென்று செய்த குழாய் அதனை ஏற்றுக்கொள்ளும். பழைய பற்றரிகள் இரண்டும் சேர்ந்து கொடுத்த 3 வோல்ற்றுக்கு ஈடாக இதுவொன்றே 3.2 வோல்ற்று கொடுப்பதால், பல்பை மாற்ற வேண்டியதில்லை. எஞ்சும் வெற்றிடத்துக்கு ஒரு பித்தளைத் துண்டு போதும். ஆனால் அது அடிமூடிப் பக்கமாகிய மறைமுனையிலேயே இருத்தல் வேண்டும். பல்புப் பக்கத்தில் வைத்து, அது உலோகக் குழாயிற் பட்டால், குறுஞ்சுற்று ஏற்பட்டுக் கலம் கொதித்துவிடும். மின்னேற்றுவதும் 3.65 வோல்ற்றில் நிற்கின்ற, இவ்வகைக் கலத்துக்கே உரிய சார்ஜரினால்தான். பழைய மடிக்கணினிகளிலிருந்து பிடுங்கிய கலங்களைப் பாதுகாப்புச் சுற்று எதுவுமின்றி இடுகிறவர்களையும் கண்டிருக்கிறேன். முழுதும் ஏற்றிய நிலையில் 4.2 வோல்ற்றுக்கு உயரும் அவை பழைய பல்பை எரித்துவிடுமாதலால், வேண்டாமென்பதே என் அபிப்பிராயம்.

இன்னொரு விஷயம், பரணுக்குப் போகிறவன் அவசியம் அறிய வேண்டியது. நாகப் பற்றரி சிறிது சிறிதாக மங்கி முன்னறிவித்தது. இந்த இரும்புப் பொஸ்பேற்றுக் கலமோ கடைசிவரை ஒரே சீராக எரிந்து திடீரென அணையும். ஆகவே மடியில் இன்னொரு கலம் இருக்க வேண்டும். ஒட்டி மூடிய டோர்ச்சுக்கு அந்த வசதி ஏது?

ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் இயற்றிய சட்டப்படி, 2027 பெப்ரவரி 18 முதல் சிறு சாதனங்களின் பற்றரி பாவனையாளரே கழற்றி மாற்றக்கூடியதாக இருத்தல் வேண்டும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டில் கிடந்து, இறக்குமதிக்கு டொலரின்றித் தவித்த நம் நாட்டுக்கு அத்தகைய விதி இன்னும் அதிக அவசியம்; இலங்கைக் கட்டளைகள் நிறுவனம் அதனை டோர்ச்சிலிருந்தே தொடங்கலாம். வனசீவராசிகள் திணைக்களம் காட்டோரக் குடியானவர்களுக்கு யானை வெடி கொடுக்கிறது; அதனோடு இத்தகைய கலங்கள் இரண்டையும் ஒரு சார்ஜரையும், அவற்றை இடும் முறையைத் தமிழிலும் சிங்களத்திலும் அச்சிட்ட ஒரு தாளையும் சேர்த்துக் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.