நாய் கடித்தால் நாள் கடத்தாதீர்கள்



"எதிர்ப்புச் சக்தி நன்றாக இருந்தால் எந்தக் கிருமியும் அண்டாது" என்று வாட்ஸ்அப் குழுக்களில் தினமும் செய்தி வருகிறது. சளி பிடித்தால் அப்படிச் சொல்லி மனதைத் தேற்றிக்கொள்ளலாம். வெறிநாய்க்கடியில் அந்த நம்பிக்கை உயிரை வாங்கிவிடும். ஏன் என்று சொல்கிறேன்.

நம் மூளைக்கும் காவல் உண்டு. மைக்ரோகிளியா என்ற செல்கள் மூளைக்குள்ளேயே குடியிருந்து நோட்டம் பார்க்கின்றன. வைரஸ் நுழைந்தால் அவை எச்சரிக்கை கொடுக்கும். ரத்தத்திலிருந்து டி செல்களும் பி செல்களும் உதவிக்கு வரும். ஆனால் மூளையின் ரத்தக்குழாய்ச் சுவர் மிக நெருக்கமானது, எளிதில் யாரையும் உள்ளே விடாது. தோல் செல் செத்தால் புதிது வரும். நரம்பு செல் செத்தால் பெரும்பாலும் போனது போனதுதான். அதனால் மூளைக்குள் வரும் டி செல்கள் பல சமயம் இன்டர்ஃபெரான் என்ற புரதத்தைச் சுரந்து, நரம்பு செல்லைக் கொல்லாமலே வைரஸை அடக்கப் பார்க்கும்.

வெறிநோய் வைரஸ் இந்தக் காவலை ஏமாற்றுகிறது. கடிவாயிலிருந்து நரம்பு வழியாகவே ஓசையில்லாமல் மூளைக்கு ஏறுகிறது. எலிகளில் நடந்த ஆய்வுகளில், வீரியம் குறைத்த வைரஸ் மூளைக்குள் சென்றபோது அந்தச் சுவர் திறந்தது. காவல் செல்கள் உள்ளே வந்து வைரஸை விரட்டின. வீரியமுள்ள வைரஸ் சென்றபோது சுவர் சரியாகத் திறக்கவில்லை. திருடன் வீட்டுக்குள், காவலர்கள் தெருவில்! நோயின் அறிகுறி தெரிந்துவிட்டால் பிழைப்பது மிக மிக அரிது.

ஆகவே இந்தப் போரை மூளைக்கு வெளியிலேயே முடிக்க வேண்டும். கடித்ததற்கும் நோய் வருவதற்கும் இடையே பொதுவாக 2, 3 மாதம் இருக்கும்; சிலருக்கு ஒரு வாரம்தான். அந்த அவகாசத்தில் பி செல்களுக்குப் பாடம் நடத்துவதுதான் தடுப்பூசி. பாடம் ஏறவும் சில நாட்கள் ஆகும். அதனால்தான் ஆழமான கடிக்கு, தயாராக உள்ள எதிர்ப்புப் புரதத்தைக் காயத்திலேயே செலுத்துகிறார்கள். 1885இல் ஜோசப் மெய்ஸ்டர் என்ற 9 வயதுச் சிறுவனுக்கு லூயி பாஸ்டர் தடுப்பூசி போட்டதும், நோய் தலைகாட்டுவதற்கு முன்புதான். நம் குன்னூரில் பாஸ்டர் நிலையம் 1907 முதல் இருக்கிறது. அப்படியிருந்தும் இன்னும் மந்திரிக்கவும் பத்தியம் கேட்கவும் ஓடுகிறோமே, நியாயமா?

கடித்தாலும், நகம் பட்டுத் தோல் கீறினாலும், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். சுண்ணாம்பு, மஞ்சள், மிளகாய்த்தூள் எதுவும் வேண்டாம். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்ற பழைய பயம் வேண்டாம். இப்போது கையில்தான் போடுகிறார்கள். சொன்ன தேதிகளில் எல்லா ஊசியும் போட்டு முடியுங்கள். "நம் வீட்டு நாய்தானே, குட்டிதானே" என்று விடாதீர்கள். கடிபட்டதை மறைக்காமல் சொல்லும்படி பிள்ளைகளிடம் இன்றே பேசுங்கள். அடிக்குப் பயந்து மறைக்கும் பிள்ளைகள் உண்டு.

கஷாயம் குடியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நம் காவல் செல்களுக்கு இந்த விஷயத்தில் தேவை நேரம். அதை வீணாக்காதீர்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்